சுரப்பியும் இழையமும்: உடற்கூற்றுக் கலைச்சொற்கள் இரண்டின் வரலாறு

முன்னுரை

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்துக் காண்பது தமிழ் இலக்கண மரபு. நன்னூல் வகுத்துரைக்கும் இப்பகுப்பு, அறிவியல் கலைச்சொற்களை மதிப்பிடுவதற்கும் பொருத்தமான அளவுகோலாக அமைகிறது. கலைச்சொல் ஒரு பொருளைச் சுட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. அச்சொல் பிறந்த காலத்தில் அப்பொருளைப் பற்றி நிலவிய கருத்தையும் தாங்கி நிற்கிறது. கருத்து மாறிய பின்னரும் சொல் எஞ்சுகிறது. எஞ்சிய சொல் சில வேளைகளில் புதிய உண்மைக்கு இடம் தருகிறது; சில வேளைகளில் அதை மறைக்கிறது.

மனித உடற்கூற்றியலில் சுரப்பி, இணைப்புத் திசு ஆகிய இரண்டும் இவ்வகையில் நோக்கத்தக்கவை. இவை அமைப்பாலும் பிரிக்க இயலாதவை. உடலின் புறப்பரப்பையும் உட்குழாய்களின் பரப்பையும் போர்த்தியுள்ள செல்லடுக்கு, கருவளர்ச்சியின்போது தனக்கு அடியிலுள்ள இணைப்புத் திசுவுக்குள் குழிந்து இறங்குவதால் பெரும்பாலான சுரப்பிகள் தோன்றுகின்றன. இறங்கிய வழி குழலாக எஞ்சுமாயின் அது நாளமுள்ள சுரப்பி. வழி அழிந்து தொடர்பு அறுமாயின் நாளமில்லாச் சுரப்பி. இருவகைச் சுரப்பிகளிலும் செல்களைப் பொதிந்து காப்பதும், இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் உள்ளே கொண்டு செல்வதும் இணைப்புத் திசுவே. இவ்விரு கருத்துகளும் ஐரோப்பிய மருத்துவத்தில் உருவான வரலாற்றையும், இந்திய மொழிகளிலும் குறிப்பாகத் தமிழிலும் அவை பெற்ற பெயர்களின் பொருத்தத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவால் பெற்ற பெயர்

ஆங்கிலத்தில் வழங்கும் ‘கிளாண்ட்’ என்னும் சொல் இலத்தீன் மொழியின் ‘கிளாண்டுலா’ என்பதிலிருந்து வந்தது. ஓக் மரத்தின் சிறு கொட்டை என்பது அதன் பொருள். தொண்டையின் இருபுறத்திலும் கழுத்திலும் விரலுக்குத் தட்டுப்படும் உருண்டைகளைக் கண்டோர் கொட்டையின் வடிவத்தோடு ஒப்பிட்டு இப்பெயரை இட்டனர். ஆகவே இது வடிவம் பற்றி வந்த காரணப்பெயர். அவ்வுறுப்பு என்ன செய்கிறது என்பது பற்றி இப்பெயர் எதுவும் கூறுவதில்லை.

செயல் பற்றிய கருத்து பண்டைக் காலத்தில் முற்றிலும் வேறாக இருந்தது. இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்தொகுதியில் இவ்வுறுப்புகளைப் பற்றிய தனிநூல் ஒன்று உண்டு. அது இவற்றைக் கடற்பஞ்சு போன்றவையாகக் கருதியது; உடலில் மிகுந்த ஈரத்தை உறிஞ்சிக் கொள்வதே இவற்றின் வேலை என்றது. அதாவது, இன்று நீரை வெளியிடுவனவாக அறியப்படும் உறுப்புகள் அன்று நீரை உள்வாங்குவனவாக எண்ணப்பட்டன. கேலனின் மரபில் வந்தோர் கணையத்தை, இரத்தக் குழாய்களுக்கும் இரைப்பைக்கும் தாங்கலாக அமைந்த மெத்தை எனக் கொண்டனர். இக்கருத்து நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது.

நாளம் கண்ட நூற்றாண்டு

இந்நிலையை மாற்றியது 17ஆம் நூற்றாண்டு. 1642ஆம் ஆண்டு பாதுவா நகரில் கியோர்க் விர்சுங் மனித உடலொன்றை அறுத்துச் சோதித்தபோது, கணையத்தின் நடுவே நீளவாக்கில் ஓடிக் குடலில் திறக்கும் குழலைக் கண்டார். மெத்தைக்குக் குழல் எதற்கு என்னும் வினா இயல்பாகவே எழுந்தது. 1656ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் ‘அடெனோகிராபியா’ என்னும் நூலை வெளியிட்டார். மனித உடலின் சுரப்பிகளை முழுமையாக விளக்க முற்பட்ட முதன்மையான நூல் இது. கீழ்த்தாடைக்கு அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் குழலை இவர் விளக்கினார். அக்குழல் இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. 1660ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஆட்டுத் தலையொன்றை அறுத்த நீல்ஸ் ஸ்டென்சன், காதருகே அமைந்த உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் வரும் குழலைக் கண்டறிந்தார்.

ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இக்கண்டுபிடிப்புகளால் சுரப்பி பற்றிய வரையறையே மாறியது. குழல் இருப்பின் அதன் வழியே ஏதோ ஒன்று வெளியேற வேண்டும். ஆகவே நீரை உண்டாக்கி வெளியிடுவதே சுரப்பியின் இயல்பு எனக் கொள்ளப்பட்டது. ஆயின் பெயர் மாறவில்லை. குழல் உடையனவும் குழல் காணப்படாதனவும் ‘கொட்டை’ என்னும் ஒரே பெயரால் தொடர்ந்து வழங்கின. குழலற்ற தைராய்டு சுரப்பிக்குப் பெயரிட்டவரும் வார்ட்டனே. கேடய வடிவக் குருத்தெலும்பை ஒட்டி அமைந்தமையால் அதற்கு அப்பெயர் அமைந்தது. அதன் பயன்களுள் ஒன்றாக, கழுத்தின் வளைவை நிரப்பி அழகு தருவதை அவர் கூறியிருப்பது, செயல் அறியப்படாத உறுப்புக்குச் செயல் கற்பிக்க நேர்ந்த இடர்ப்பாட்டைக் காட்டுகிறது.

சுரப்பியின் உள்ளமைப்புப் பற்றிய விவாதம் மேலும் நீண்டது. மார்செல்லோ மால்பீகி 1666ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நுண்ணோக்கியின் துணைகொண்டு, சுரப்பிகள் யாவும் நுண்ணிய பைகளால் ஆனவை என்றார். இரத்தக் குழாய்களுள் நிறமூட்டிய மெழுகு செலுத்திப் பதப்படுத்துவதில் வல்லவரான பிரெடரிக் ரைஷ் இதை மறுத்து, அனைத்தும் இரத்தக் குழாய்களின் பின்னலே என வாதிட்டார். 1830ஆம் ஆண்டு யோகான்னஸ் முல்லர் பல உயிரினங்களின் சுரப்பிகளை ஒப்பிட்டு எழுதிய நூலே இவ்வழக்கைத் தீர்த்தது. சுரப்பியின் குழல்கள் ஒருமுனை மூடியவை என்பதும், இரத்தக் குழாய்கள் அவற்றின் சுவரைச் சூழ்ந்து செல்கின்றனவேயன்றி அவற்றுள் திறப்பதில்லை என்பதும் அந்நூலால் நிறுவப்பட்டன. தனிக்குழல், கிளைத்த குழல், பை வடிவம், இரண்டும் கலந்த வடிவம் என இன்று பாடநூல்களில் காணப்படும் வகைப்பாடு இந்த அடிப்படையில் எழுந்ததே.

நெசவாகக் காணப்பட்ட உடல்

சுரப்பிகளைச் சூழ்ந்த பொருள் நெடுங்காலம் தனிக் கவனம் பெறவில்லை. உறுப்புகளுக்கு இடையிலான வெற்றிடத்தை நிரப்பும் ஒன்றாகவே அது கருதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர், தியோஃபில் த போர்தூ ஆகியோர் அதனைத் தனித்த ஒன்றாகக் காணத் தலைப்பட்டனர். நுண்ணறைகள் நிறைந்ததாகத் தோன்றியமையால் ‘அறைத் திசு’ என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். பின்னாளில் உயிரணுவைக் குறித்த ‘செல்’ என்பதோடு இதற்குத் தொடர்பில்லை என்பது கருதத்தக்கது.

உடலை உறுப்புகளின் தொகுதியாகக் காணாமல், உறுப்புகள்தோறும் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைப் பொருள்களின் தொகுதியாகக் கண்டவர் சேவியர் பிசா. பாரிசு நகர மருத்துவமனையில் எண்ணற்ற உடல்களை அறுத்து ஆராய்ந்த இவர், 1801ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் 21 வகைத் திசுக்களைப் பிரித்துக் காட்டினார். நுண்ணோக்கியை நம்பாத பிசா, வெட்டியும் உலர்த்தியும் வேகவைத்தும் அமிலத்தில் இட்டும் அவற்றின் இயல்பைக் கண்டறிந்தார். 1802ஆம் ஆண்டு, தம் 30ஆம் வயதில் இறந்தார். அவர் கையாண்ட ‘தீசு’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நெய்யப்பட்ட துணி என்பது பொருள். 1819ஆம் ஆண்டு இத்துறைக்குச் செருமானிய நாட்டு அறிஞர் மேயர் இட்ட ‘ஹிஸ்டாலஜி’ என்னும் பெயரும் நெசவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே.

‘அறைத் திசு’ என்னும் பழம்பெயருக்கு மாற்றாகப் ‘பிணைக்கும் நெசவு’ என்னும் பொருளுடைய செருமானியச் சொல்லை வழக்கில் கொண்டுவந்தவர் யோகான்னஸ் முல்லர். ஆங்கிலப் பெயரும் அதன் வழிப்பட்டதே. தொடக்கத்தில் உறுப்புகளிடையே காணப்படும் மென்மையான நார்ப் பொருளையே இது குறித்தது. 1839ஆம் ஆண்டு தியோடர் ஷ்வான் முன்வைத்த செல் கொள்கையும், 1858ஆம் ஆண்டு வெளிவந்த ருடால்ஃப் விர்ச்சோவின் நூலும் இதன் எல்லையை விரித்தன. செல்கள் ஒன்றையொன்று நெருங்காமல் தள்ளி நிற்க, அவற்றிடையே தளப்பொருளும் நார்களும் நிறைந்திருப்பது இதன் பொது இயல்பு என உணரப்பட்டபோது, தளர்ந்த நார்த்திசு, கொழுப்பு, தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு ஆகியன ஒரே குடும்பத்தில் அடங்கின. தளப்பொருள் திரவமாக இருப்பதால் இரத்தமும் இக்குடும்பத்தில் சேர்க்கப்பட்டது. எதையும் பிணைக்காத இரத்தம் ‘பிணைக்கும் நெசவு’ என்னும் பெயரைத் தாங்குவது, பெயரின் காரணம் பொருளின் எல்லைக்கு ஈடுகொடுக்க இயலாமைக்கு எடுத்துக்காட்டு.

உள்ளே சுரப்பவை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுரப்பி என்னும் கருத்து மீண்டும் மாறியது. கல்லீரல் பித்தநீரைக் குழல்வழி வெளியிடுவதோடு சர்க்கரையை நேரே இரத்தத்தில் சேர்க்கிறது என்பதைக் கண்ட குளோத் பெர்னார், 1855ஆம் ஆண்டளவில் அதனை ‘உட்சுரப்பு’ என்று குறித்தார். அதே 1855ஆம் ஆண்டு தாமஸ் அடிசன், சிறுநீரகங்களின் மேலமர்ந்த சிறு சுரப்பிகள் நலிவதால் உயிர்க்கேடு விளையும் நோயை விளக்கினார். 1902ஆம் ஆண்டு இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரும், சிறுகுடலின் உட்சுவர் இரத்தத்தில் கலக்கும் ஒரு பொருள் கணையத்தை இயக்குவதைக் கண்டு அதற்கு ‘செக்ரெடின்’ எனப் பெயரிட்டனர். 1905ஆம் ஆண்டு ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்னும் சொல்லை வழங்கினார். தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினை அதன் மூலம்.

17ஆம் நூற்றாண்டில் குழலே சுரப்பிக்கு அடையாளமாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் குழலின்மையும் சுரப்பிக்குரிய இயல்பாயிற்று. கணையம் இவ்விரண்டிற்கும் இடமாக நின்றது. விர்சுங் கண்ட குழல்வழிச் செரிமான நீரை வெளியிடும் அதே உறுப்பினுள், 1869ஆம் ஆண்டு பவுல் லாங்கர்ஹான்ஸ் தனித்த செல் திட்டுகளைக் கண்டார். அத்திட்டுகள் இரத்தத்தில் நேரே சேர்க்கும் இன்சுலின் 1921ஆம் ஆண்டு டொரண்டோவில் பிரித்தெடுக்கப்பட்டது. ஒரே உறுப்பு நாளமுள்ளதாகவும் நாளமில்லாததாகவும் இருப்பது உறுதியாயிற்று.

இந்திய மொழிகளுக்கு வந்த வழி

ஐரோப்பிய உடற்கூற்றியல் 19ஆம் நூற்றாண்டில் இந்திய மொழிகளைத் தேடி வந்தபோது மேற்கூறிய மாற்றங்கள் இன்னும் முற்றுப்பெறவில்லை. 1835ஆம் ஆண்டு கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கு ஆசிரியராக விளங்கிய மதுசூதன் குப்தா, ஹூப்பரின் உடற்கூற்றுக் கையேட்டைச் சமற்கிருதத்தில் பெயர்த்தார். பின்னர் கணநாத சேனர் எழுதிய ‘பிரத்யட்ச சாரீரம்’ என்னும் சமற்கிருத நூல் வடசொற்களைக் கொண்டு உடற்கூற்றுக் கலைச்சொற்களை ஒழுங்குபடுத்த முயன்றது.

தமிழில் இப்பணி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. 1847ஆம் ஆண்டு அங்கு வந்த அமெரிக்க மருத்துவ ஊழியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். கட்டரின் நூலைத் தழுவிய ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ அவர் முதன்முதலில் தமிழுக்குக் கொணர்ந்த நூல்களுள் ஒன்று. 1864ஆம் ஆண்டு முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1858ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், 14 ஆண்டுகளுக்குள் 1872ஆம் ஆண்டு ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழில் அச்சேறியது. டால்ட்டனின் உடலியங்கியல் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்னும் பெயரில் 1883ஆம் ஆண்டு வெளிவந்தது. கிறீன் 1873ஆம் ஆண்டு நாடு திரும்பி 1884ஆம் ஆண்டு மறைந்தார்.

நூல்களின் தலைப்புகளே அவர்தம் சொல்லாக்க நெறியைக் காட்டுகின்றன. அங்காதிபாதம், சுகரணம், உற்பாலனம் ஆகியன உடற்கூற்றியல், உடலியங்கியல், நலவாழ்வியல் என்பனவற்றுக்கு வடசொல் வழியே ஆக்கப்பட்டவை. வேதியியலைக் குறித்த ‘கெமிஸ்தம்’ ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஈற்றோடு இயைத்தது. இவற்றுள் எதுவும் இன்று வழக்கில் இல்லை. தமிழ்வழி மருத்துவக் கல்வி தொடராமையே இச்சொற்கள் மறைந்தமைக்கு முதற்காரணம் எனலாம். பயில்வோர் இல்லாத கலைச்சொல் அகராதியில்கூட நிலைப்பதில்லை.

20ஆம் நூற்றாண்டில் கலைச்சொல்லாக்கம் வேறு வழிகளில் தொடர்ந்தது. 1916ஆம் ஆண்டு சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கமும் இதழும் தொடங்கினர். 1931ஆம் ஆண்டு முதல் தி. வி. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதி வெளிவரலாயிற்று. 1938ஆம் ஆண்டு சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ‘கலைச்சொற்கள்’ தொகுதியை வெளியிட்டது. இலங்கையில் 1950களில் தாய்மொழிக் கல்வி விரிவடைந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இவ்வாறு தமிழகமும் இலங்கையும் தனித்தனியே நடந்தமையால் ஒரே மொழிக்கு இருவகைக் கலைச்சொல் வழக்குகள் அமைந்தன.

சுரப்பி என்னும் சொல்

இந்தியிலும் மலையாளம், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிலும் இவ்வுறுப்பைக் குறிக்க வழங்குவது ‘கிரந்தி’ என்னும் வடசொல். முடிச்சு, கணு என்பன அதன் பொருள். இலத்தீனின் கொட்டையைப் போல இதுவும் வடிவம் பற்றிய பெயரே. தமிழ் மட்டும் இவ்வழியில் செல்லவில்லை. சித்த மருத்துவ வழக்கில் ‘கிரந்தி’ என்பது தோலில் கொப்புளங்களாகவும் புண்களாகவும் வெளிப்படும் நோய்களின் பெயராக முன்பே நிலைபெற்றிருந்தது. அந்நோய்களுக்கு ஆகும் மூலிகை ‘கிரந்திநாயகம்’ எனப்பட்டது. நோயின் பெயராக வேரூன்றிய சொல்லை நலமான உறுப்புக்கு இடுவது பொருந்தாமையும், வேறு சொல்லைத் தேட ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ‘கோளம்’ என்னும் வடிவப் பெயர் சிலகாலம் நூல்களில் வழங்கிப் பின் அருகியது. நிலைபெற்றது ‘சுரப்பி’.

சுரத்தல் என்பது ஊற்றில் நீர் பெருகுவதையும் கன்றை நினைந்து பசுவின் மடியில் பால் இறங்குவதையும் குறிக்கும் பழந்தமிழ் வினை. அமுதசுரபி என்னும் பெயரின் பிற்கூறு பசுவைக் குறிக்கும் வடசொல்லாயினும், கேட்போர் செவியில் சுரத்தல் வினையே ஒலிப்பது இவ்வினையின் வழக்கு வலிமைக்குச் சான்று. இவ்வினையிலிருந்து சுரப்பு என்னும் தொழிற்பெயரும், அத்தொழிலைச் செய்வது என்னும் பொருளில் சுரப்பி என்பதும் பிறந்தன. செயலுக்கும் செய்யும் உறுப்புக்கும் ஒரே வேர் அமைந்திருப்பது தமிழுக்கு வாய்த்த நலம். ஆங்கிலத்தில் உறுப்பின் பெயரும் சுரப்பின் பெயரும் தொடர்பற்றவை. இந்தியில் உறுப்பு கிரந்தி, செயல் ஸ்ராவம். தமிழ் மாணவர் பெயரைக் கற்கும்போதே செயலையும் கற்கிறார்.

மேலும், 17ஆம் நூற்றாண்டின் வரையறையையும் 20ஆம் நூற்றாண்டின் வரையறையையும் இச்சொல் ஒருங்கே ஏற்கிறது. சுரந்தது குழல்வழிச் சென்றாலும் இரத்தத்தில் கலந்தாலும் சுரப்பே. ஆயின் வகைப்பெயரில் இரு வழக்குகளும் வேறுபடுகின்றன. தமிழக வழக்கான ‘நாளமில்லாச் சுரப்பி’ இல்லாத ஒன்றைக் கொண்டு பெயரிடுகிறது. இலங்கை வழக்கான ‘அகஞ்சுரக்கும் சுரப்பி’, ‘புறஞ்சுரக்கும் சுரப்பி’ என்பன நிகழும் செயலைக் கொண்டு பெயரிடுகின்றன. கணையத்தை நாளமுள்ளதும் இல்லாததுமான சுரப்பி என்று கூறுவது முரணாக ஒலிக்கிறது. அகத்தும் புறத்தும் சுரப்பது என்று கூறுவது தெளிவாக அமைகிறது.

திசுவும் இழையமும்

சுரப்பியில் செயலைப் பெயராக்கிய தமிழகம், திசு என்னும் சொல்லில் ஒலியை மட்டும் ஏற்றது. பிரெஞ்சில் காரணப்பெயராகப் பிறந்த சொல் தமிழில் இடுகுறிப்பெயராயிற்று. பிற இந்திய மொழிகள் இங்கு வேறு வேறு வழிகளை நாடின. இந்தியின் ‘ஊதக்’ நெசவைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து ஆக்கப்பட்டது. தெலுங்கின் ‘கணஜாலம்’ செல்களின் வலை என விரியும். கன்னடத்தின் ‘அங்காம்சம்’ உறுப்பின் கூறு எனப் பொருள்படும். மலையாளமும் வங்காளமும் ‘கலை’ என்னும் பொருளில் வரும் சொல்லை வழங்குகின்றன. சுசுருத சங்கிதையின் உடற்கூற்றுப் பகுதி கூறும் ஏழு கலைகளை அது நினைவூட்டுகிறது. எனினும் அக்கலைகளையோ சித்த மருத்துவம் கூறும் ஏழு உடற்றாதுக்களையோ பிசாவின் திசுக்களோடு ஒன்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவை வேறு மருத்துவக் கோட்பாட்டின் உறுப்புகள்.

இலங்கைத் தமிழ் ‘இழையம்’ என்றது. இழை என்பது நூல். நெசவின் அடிப்படை அலகு. இணைப்புத் திசு அங்கு ‘தொடுப்பிழையம்’ எனப்படும். இணைத்தல் இரண்டை ஒன்றுசேர்ப்பது. தொடுத்தல் பலவற்றை ஒரு நாரில் கோத்து நிறுத்துவது. பூத்தொடுப்போர் கையில் நார் செய்வதையே உறுப்புகளிடையே இத்திசு செய்கிறது என நோக்கின், இச்சொல்லின் பொருத்தம் விளங்கும்.

இப்பொருத்தத்தை அறிவியலும் பின்னர் உறுதி செய்தது. இணைப்புத் திசுவின் முதன்மையான நார்ப்பொருள் கொலாஜன் என்னும் புரதம். அதன் மூலக்கூற்று அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் கோ. ந. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஊடுகதிர்ச் சிதறல் முறையால் ஆராய்ந்தனர். கங்காருவின் வால் தசைநாண் அவர்தம் ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. 1954ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் அவர்கள் மூன்று சங்கிலிகளால் ஆன அமைப்பை முன்வைத்தனர். 1955ஆம் ஆண்டு அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிச் செல்வதாகத் திருத்தி அமைத்தனர். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவதாக வரும் இடந்தோறும் மிகச்சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமைந்திருப்பதால்தான் மூன்றும் நெருங்கி முறுக்கிக்கொள்ள முடிகிறது. தமிழ் மரபில் முப்புரி என வழங்கும் நூலின் அமைப்பு இது. வெறுங்கண்ணால் நோக்கிய பிசா உவமையாகக் கூறிய நெசவு, மூலக்கூற்று அளவில் உண்மை இழையாகவே விளங்கியது. இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்த தமிழகத்தில் வழங்கும் சொல்லில் இழை இல்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

காரணம் வழக்கொழியும்போது

இதனால் காரணப்பெயர் எப்போதும் சிறந்தது எனத் துணிதல் கூடாது. காரணம் பொய்யாகும்போது காரணப்பெயரே பிழையைக் கற்பிக்கும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு இலங்கை வழக்கு ‘கபச்சுரப்பி’ என்பது. மூளையின் கழிவு சளியாக இவ்வழியே மூக்கில் இறங்குகிறது என்ற பழைய ஐரோப்பிய எண்ணத்தால் எழுந்த இலத்தீன் பெயரின் நேர்பெயர்ப்பு அது. அவ்வெண்ணம் 17ஆம் நூற்றாண்டிலேயே மறுக்கப்பட்டுவிட்டது. இலத்தீனை அறியாதவருக்கு ‘பிட்யூட்டரி’ வெற்றொலி; தமிழ் அறிந்தவருக்குக் ‘கபச்சுரப்பி’ ஒரு தவறான செய்தி. இங்கு ஒலிபெயர்ப்பே குற்றமற்றது.

தமிழகத்திற்குப் பொதுவான பிழையும் உண்டு. அக்குளிலும் கவட்டிலும் கழுத்திலும் உள்ள நிணநீர் உருண்டைகளை 17ஆம் நூற்றாண்டில் சில்வியஸ் சுரப்பிகளின் ஒரு வகையாகவே பகுத்தார். 1895ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அனைத்துலக உடற்கூற்றுப் பெயர்ப்பட்டியலும் அவ்வாறே குறித்தது. அவை நீரைச் சுரப்பதில்லை, வடிகட்டி நோய்க்கிருமிகளை எதிர்க்கும் செல்களைப் பெருக்குகின்றன என்பது தெளிவானபின், 20ஆம் நூற்றாண்டில் அவற்றின் பெயர் ‘கணு’ என்னும் பொருளுடையதாக மாற்றப்பட்டது. தமிழில் நிணநீர் முடிச்சு, நிணநீர்க் கணு என்னும் சொற்கள் வந்தபின்னும் ‘நிணநீர்ச் சுரப்பி’ மறையவில்லை. கொட்டை என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலப் பெயர் வடிவத்தை மட்டுமே கூறியதால் பெருந்தவறாகவில்லை. முடிச்சு என்னும் பொருளுடைய கிரந்தி இங்கு மிகவும் பொருந்தியது. செயலைக் கூறும் சுரப்பியோ நடவாத செயலை நடப்பதாகக் கூறிவிடுகிறது. சொல்லின் வலிமையே இவ்விடத்தில் அதன் குறையாகிறது. சிற்றூர் மக்கள் அவ்வீக்கத்தை ‘நெறிக்கட்டு’ என்பர்; கட்டு என்னும் அச்சொல் சுரப்பைக் கூறாமையால் கலைச்சொல்லைவிட உண்மைக்கு நெருங்கி நிற்கிறது.

முடிவுரை

2022ஆம் ஆண்டு மத்தியப் பிரதேச அரசு மருத்துவப் படிப்பின் முதலாண்டுக்குரிய உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் நூல்களை இந்தியில் வெளியிட்டது. அவற்றில் ஆங்கிலக் கலைச்சொற்கள் பெரிதும் தேவநாகரி எழுத்தில் அப்படியே அமைந்தன. தமிழிலும் இத்தகைய நூல்கள் வேண்டும் என்னும் குரல் எழுந்துவரும் சூழலில், எல்லாவற்றையும் பெயர்ப்பதா, எல்லாவற்றையும் ஒலிபெயர்ப்பதா என்னும் வினா மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகிறது. சுரப்பி, இழையம் ஆகியவற்றின் வரலாறு இவ்வினாவே பிழையாக அமைந்தது என்பதைக் காட்டுகிறது. வினவ வேண்டியது, குறித்த ஒரு பெயரின் காரணம் இன்றைய அறிவுக்கு உடன்பட்டதா என்பதே.

அவ்வாறு நோக்கின், ‘சுரப்பி’ ஏற்கத்தக்கது. ‘நிணநீர்ச் சுரப்பி’ கைவிடத்தக்கது. ‘அகஞ்சுரக்கும் சுரப்பி’, ‘தொடுப்பிழையம்’ ஆகியன தமிழகம் இலங்கையிடமிருந்து பெறத்தக்கவை. ‘பிட்யூட்டரி’ இலங்கை தமிழகத்திடமிருந்து பெறத்தக்கது. இன்று யாழ்ப்பாண மாணவரின் உயிரியல் நூலைத் தஞ்சை மாணவர் தடையின்றிப் படிக்க இயலாத நிலை உள்ளது. இருவழக்கையும் அருகருகே நிறுத்தி, ஒவ்வொரு சொல்லின் காரணத்தையும் அக்காரணத்தின் இன்றைய நிலையையும் குறிக்கும் பொது அகராதி ஒன்று இத்தடையை நீக்கும். அத்தகைய பணியில் மருத்துவரோடு இலக்கணம் பயின்றோரும் அமர வேண்டும். கிறீனின் நூல்கள் மறைந்தமைக்கு அவர் ஆக்கிய சொற்களின் குறை மட்டுமே காரணமன்று. அச்சொற்களைப் பயின்று திருத்திச் செல்லும் வகுப்பறை தொடராமையே பெருங்காரணம். கலைச்சொல்லும் உயிர்த்திசுவைப் போன்றதே. இடையறாது புதுப்பிக்கப்படும்வரைதான் அது உயிரோடிருக்கும்.